காருக்குள் பாகு வாசனை

போன செப்டம்பர் கடைசியில் ஒரு காலை. ஸ்கார்பரோவில் அன்றைக்குத்தான் முதல் குளிர், 6 டிகிரி இருக்கும். மகளைப் பள்ளிக்கூடத்தில் விட வண்டியை எடுத்தவன், நாலைந்து மாதம் கழித்து ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினேன். சூடான காற்று வந்தது. கூடவே ஒரு வாசனையும் வந்தது. டாஷ்போர்டுக்குள் யாரோ உட்கார்ந்து அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற மாதிரி.

"அப்பா, யாரு பாயசம் வெச்சது?" என்றாள் பின்சீட்டிலிருந்து.

சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் முன்கண்ணாடி மங்கியது. வழக்கமான மூச்சு ஆவி இல்லை, துணியால் துடைத்தால் போகாமல் எண்ணெய் மாதிரி இழுசியது. துடைக்கத் துடைக்க எதிரே வருகிற வண்டி வெளிச்சமெல்லாம் நட்சத்திரமாய்ச் சிதறியது. பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி இடப்பக்க, வலப்பக்க மிதியடிகளைத் தூக்கிப் பார்த்தேன். முன்னால் உட்காருபவர் கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட் சொதசொதவென்று இருந்தது.

வண்டி 2003இல் வந்த ஜப்பான் செடான். கம்பெனிப் பெயர் சொல்லப் போவதில்லை. 2,80,000 கிலோமீட்டர் முணுமுணுக்காமல் ஓடிய வண்டி, அதன் வீட்டுப் பெயரை இழுப்பது மரியாதையில்லை. அதுவுமில்லாமல், நடந்ததில் பெரும்பங்கு தப்பு என்னுடையது. அதற்கு வருகிறேன்.

நான் பிறந்தது தூத்துக்குடி. எங்கள் ஊரில் காருக்குள் சூடு வேண்டும் என்று ஒருவன் கேட்டால் முதலில் மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். அதனால் ஹீட்டர் என்று காரில் ஒன்று இருப்பதே இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ளவோ இன்னும் பத்து வருஷம் ஆனது. விஷயம் ரொம்பச் சுலபம். என்ஜினில் எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் சூடாகக் கூலன்ட்டில் இறங்குகிறது. அதை வெளியே கொட்டத்தான் முன்னால் ரேடியேட்டர். அந்தச் சுடுநீரில் கொஞ்சத்தை இரண்டு ரப்பர் ஹோஸ் வழியாக டாஷ்போர்டுக்குப் பின்னால் திருப்பிவிட்டு, அங்கே ஒரு குட்டி ரேடியேட்டரில் ஓடவிட்டு, அதன்மேல் மின்விசிறிக் காற்றை ஊதினால் ஹீட்டர். அந்தக் குட்டிதான் ஹீட்டர் கோர். ஒரு பாடப்புத்தகம் அளவுதான் இருக்கும். வீணாய்ப் போகிற சூட்டைத் திருப்பி எடுத்துக்கொள்கிற ஏற்பாடு என்பதால் இதற்குத் தனிச் செலவே கிடையாது. மின்சாரக் காரில் இந்த ஓசிச் சூடு இல்லை, பாட்டரியிலிருந்துதான் எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் அந்த வண்டிக்காரர்கள் கிலோமீட்டர் குறைகிறது என்று புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, குட்டி ரேடியேட்டர் ஒழுகினால் மாற்றிவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். காரைக் கட்டும்போது ஹீட்டர் கோரை நடுவில் வைத்துவிட்டு, அதைச் சுற்றி மற்ற காரைக் கட்டுகிறார்கள் என்று மெக்கானிக்குகள் கேலியாகச் சொல்வார்கள். கேலி என்று நானும் நினைத்திருந்தேன்.

முதலில் எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். கடைக்குப் போய் 15 டாலருக்கு ஒழுகல் அடைக்கும் மருந்து ஒரு புட்டி வாங்கி ஊற்றினேன். எட்டு நாள் வாசனையே இல்லை. ஒன்பதாம் நாள் வாசனை திரும்பி வந்தது, சூடு பாதியாகக் குறைந்தது. ஓட்டையை அடைக்கிற மருந்துக்கு எது ஓட்டை, எது குழாய் என்று தெரியாது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். வண்டியை ஒரு வாரத்தில் விற்கப் போகிறவனுக்கு அது மருந்து. வைத்துக்கொள்ளப் போகிறவன் தொடவே கூடாது என்பது என் கட்சி.

பக்கத்துக் கராஜில் கேட்டேன். பார்ட் 90 டாலர், கூலி 9 மணி நேரம், எல்லாம் சேர்த்து 1,400, அதற்கு மேல் 13 சதவீத வரி. அநியாயம் என்று சொல்ல மாட்டேன். அந்த 9 மணி நேரமும் உண்மையான 9 மணி நேரம் என்று பிற்பாடு என் முழங்கால் சாட்சி சொன்னது. ஆனால் வண்டியே 2,000 டாலருக்குப் போகாது.

அப்போதுதான் அண்ணை வந்தார்.

அண்ணை எங்கள் தெருவில் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். சாவகச்சேரிக்காரர், அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர். 90களில் யாழ்ப்பாணத்துக்குள் எரிபொருள் வரத் தடை இருந்த காலத்தில், ஆஸ்டின் ஏ40, மோரிஸ் மைனர் மாதிரிப் பழைய கார்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் ஒருவர். இரண்டு சொட்டுப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குள் காட்டி ஸ்டார்ட் பண்ணி, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்களாம். அதைச் செய்த கைக்கு என் வண்டி ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் ஹீட்டர் என்றதும் அவரும் ஒரு கணம் யோசித்தார். "எங்கட கார் ஒண்டிலயும் உந்தச் சாமான் இருந்ததில்லை தம்பி. இருந்திருந்தாலும் கழட்டி வித்திருப்பம்."

நான் கார்ப்பெட் ஈரம் ஏசித் தண்ணீராக இருக்கலாமே என்று ஓர் ஆசையில் இருந்தேன். ஏசியின் வடிகால் குழாய் அடைத்துக்கொண்டாலும் இதே இடத்தில்தான் தண்ணீர் தேங்கும். அது அரைமணி வேலை. அண்ணை குனிந்து கார்ப்பெட்டை இரண்டு விரலால் கிள்ளி, பெருவிரலோடு தேய்த்தார்.

"உது ஏசித் தண்ணியில்லை. வழுக்குதெல்லோ, பாரும்."

தேய்த்துப் பார்த்தேன். வழுக்கியது. விரலை மூக்குக்குக் கொண்டுபோனேன். அதே பாகு.

"மணந்து பாரும், நக்கிப் பார்க்காதையும். அது நஞ்சு."

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கூலன்ட்டில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிக்கும், அதனால்தான் ஆபத்து. தரையில் சிந்தியதை நாயும் பூனையும் நக்கிவிடும். உடம்புக்குள் போனதும் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, கால்சியத்தோடு சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். எங்கள் தெருவில் ஒரு சாம்பல் பூனை எல்லார் கராஜுக்கும் சொந்தக்காரி மாதிரி வந்து போகும். வேலை நடந்த மூன்று நாளும் வடித்த தட்டைத் திறந்து வைத்துவிட்டு நாங்கள் டீ குடிக்கப் போனதில்லை.

சந்தேகத்துக்கு இடம் வைக்க வேண்டாம் என்று உதிரிபாகக் கடையில் முன்பணம் கட்டி அழுத்தமானி ஒன்று இரவல் வாங்கி வந்தேன். ரேடியேட்டர் மூடி இருக்கிற இடத்தில் இதை மாட்டி, சைக்கிள் பம்ப் மாதிரி கையால் அடித்து, மூடியில் போட்டிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்ற வேண்டும். என் வண்டிக்கு 16 பிஎஸ்ஐ. என்ஜின் குளிர்ந்திருக்கும்போதுதான் செய்ய வேண்டும், சூட்டில் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். 16க்கு ஏற்றினேன். முள் நிற்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் 11. வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு இல்லை. உள்ளே கார்ப்பெட்டுக்கு மேலே, டாஷ்போர்டின் வயிற்றிலிருந்து, சொட்டு, சொட்டு.

இதுவே சென்னையாக இருந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை. "ஹீட்டர் நமக்கு எதுக்கு சார்" என்று கேட்டுவிட்டு, என்ஜின் பக்கமே இரண்டு ஹோஸையும் ஒரு குழாயால் சேர்த்து, இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். தப்பே இல்லை. ஊட்டியில் இருப்பவர்கூட யோசித்துத்தான் அதைச் செய்ய வேண்டும், கண்ணாடி மூடுபனியை விரட்டுவதும் இதே சூடுதான். இங்கே ஜனவரியில் மைனஸ் 15, மைனஸ் 20 வரும். அப்போது கண்ணாடியில் நம் மூச்சு ஆவி உள்பக்கமே உறையும். ஹீட்டர் இல்லாத கார் என்றால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுகிற கார்.

ஆக, அக்டோபர் இரண்டாம் திங்கள், நன்றியறிதல் விடுமுறை. சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் கிடைத்தது.

சனிக்கிழமை காலை பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். ஏர்பேக் வண்டி என்பதால் கழற்றிய உடனே கை வைக்கக் கூடாது, அதற்குள்ளே கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். புத்தகத்தில் 90 விநாடி போட்டிருந்தது. நாங்கள் முழு டீ ஒன்று குடித்தோம். பிறகு ரேடியேட்டரின் அடிக்குழாயைத் திறந்து கூலன்ட்டை வடித்தோம்.

வடிந்ததைப் பார்த்ததும் என் தப்பு என் முன்னால் தட்டில் தளும்பியது. சிவப்பாக இருக்க வேண்டியது, துருப்பிடித்த ஓடைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. கூலன்ட்டில் உறைதடுப்பு மட்டும் இல்லை, துருத்தடுப்பு மருந்தும் கலந்திருக்கும். சில வருஷத்தில் அது தீர்ந்துபோகும். உறையாமல் காக்கிற வேலையைக் கிளைக்கால் தொடர்ந்து செய்யும், ஆனால் அலுமினியத்தைக் காக்க ஆள் இருக்காது. நான் 8 வருஷமாக மாற்றவில்லை. குறைந்தபோதெல்லாம் குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். டொரண்டோ குழாய்த் தண்ணீர் ஒன்டாரியோ ஏரியிலிருந்து வருகிறது, குடிக்க அருமை. அதில் கரைந்திருக்கும் உப்புகள் அலுமினியத்துக்கு ஆகாது. காய்ச்சி வடித்த தண்ணீர் 4 லிட்டர் இரண்டு டாலருக்குக் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைச் செய்தேன்.

அண்ணை பேசவில்லை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தட்டை மூடினார்.

அடுத்தது டாஷ்போர்டு. இதில் வீரம் ஒன்றும் இல்லை, வரிசை மட்டும்தான். "கழட்டுறது பெரிய வேலையில்லை. எதுக்குப் பிறகு எதைக் கழட்டினனீர் எண்டு தெரிய வேணும்" என்றார் அண்ணை. நான் பிளாஸ்டிக் பைகள், ஸ்டிக்கர் எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். அவர் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, "வீட்டில இட்லித் தட்டு இருக்கோ?" என்று கேட்டார்.

நாலு தட்டு, தட்டுக்கு நாலு குழி, மொத்தம் 16. ஒவ்வொரு குழிக்கும் ஒட்டுத்தாளில் எண். கையுறைப் பெட்டித் திருகுகள் 1. நடு கன்சோல் 2. ரேடியோ 3. ஸ்பீடோமீட்டரைச் சுற்றியது 4. ஒரு குழி நிறைந்தால்தான் அடுத்த வேலை. திரும்ப மாட்டும்போது 16இலிருந்து 1க்கு வர வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருஷம் யூடியூப் பார்த்தும் இவ்வளவு நல்ல யோசனை ஒன்றை நான் கண்டதில்லை. மனைவி கராஜுக்கு எதற்கோ வந்தாள். கூலன்ட் கையோடு நான் இட்லித் தட்டில் போல்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். "அது இனி அடுப்படிக்கு வராது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நியாயம்தான். நஞ்சு பட்ட தட்டு. திங்கள்கிழமையே புதிது வாங்கிக் கொடுத்தேன், 35 டாலர். 1,400இலிருந்து கழித்துக்கொள்ளவும்.

பழைய பிளாஸ்டிக்குக்குக் குளிர் ஆகாது. கதவை மூடிச் சின்ன மின் ஹீட்டரை உள்ளே வைத்து அரைமணி சூடேற்றிய பிறகுதான் கிளிப்புகளை நெம்பினோம். அப்படியும் மூன்று உடைந்தன. ஸ்டீயரிங் தண்டைத் தாங்குகிற இரண்டு போல்ட்டைக் கழற்றிக் கீழே இறக்கி, சக்கரம் சுழலாமல் நேராகக் கட்டி வைத்தோம். சுழன்றால் ஏர்பேக்குக்குப் போகிற சுருள் கம்பி அறுந்துவிடும்.

மதியம் மூன்று மணிக்கு ஆளுக்கொரு பக்கம் பிடித்து டாஷ்போர்டை முழுசாகத் தூக்கினோம். தேர்ச்சப்பரம் இறக்குகிற மாதிரிதான் இருந்தது.

இருபது வருஷமாக ஒரு காரின் டாஷ்போர்டுக்குப் பின்னால் என்னவெல்லாம் விழுந்து கிடக்கும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டுமா? மேப்பிள் இலைத் தூள் ஒரு கை. எலி கொண்டுவந்து சேர்த்த விதைகள். 2013இல் விநியோகம் நின்றுபோன ஒரு சென்ட் காசு ஏழு. மகளின் பால்பல் விழுந்த காலத்துப் பிளாஸ்டிக் டைனோசர் ஒன்று. கண்ணாடி ஓரக் காற்றுத் துளை வழியாக விழுந்து உள்ளே சிக்கிய திருநீற்றுப் பொட்டலம், ரிச்மண்ட் ஹில் கோயிலில் வண்டி வாங்கிய வாரம் பூசை போட்டபோது ஐயர் கொடுத்தது. காகிதம் பழுப்பாகியிருந்தது, மடிப்புப் பிரியவில்லை. அண்ணை அதை வாங்கி நெற்றியில் கொஞ்சம் வைத்துக்கொண்டு, "இதுதான் இவ்வளவு நாளும் ஓடப் பண்ணியிருக்கு" என்றார்.

இப்போது கறுப்புப் பெட்டி ஒன்று தெரிந்தது. அதற்குள்தான் ஏசியின் குளிர்க்கோரும் ஹீட்டர் கோரும். இங்கே எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. என் வண்டியில் ஹீட்டர் கோர் தனியாகப் பக்கவாட்டில் உருவும்படி இருந்தது, ஏசி குழாயைத் தொட வேண்டியதில்லை. சில வண்டிகளில் பெட்டி முழுவதும் வெளியே வர வேண்டும், அதற்கு ஏசி வாயுவை முதலில் இறக்க வேண்டும். அதைக் காற்றில் விடுவது இங்கே குற்றம், சான்றிதழ் உள்ளவர்தான் இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுக்கலாம். உங்கள் வண்டி அந்த வகையா என்று டாஷ்போர்டைப் பிரிப்பதற்கு முன்னால் பார்த்துக்கொள்ளுங்கள், பிரித்த பிறகு அல்ல.

என்ஜின் பக்கம் போய் இரண்டு ஹோஸையும் கழற்ற வேண்டும். இருபது வருஷ ரப்பர் அலுமினியக் குழாயோடு ஒட்டிப் போயிருந்தது. இழுத்தால் வராது. கத்தியால் நீளவாக்கில் கீறி வாழைப்பழத் தோல் மாதிரி உரித்தோம். ஹோஸ் இரண்டும் எப்படியும் புதிதுதான் போடப் போகிறோம், அதில் கஞ்சத்தனம் பார்த்தால் மறு வருஷம் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். கோருக்குள் மிச்சமிருந்த கூலன்ட்டை ஒரு பக்கம் ஊதி மறுபக்கம் புட்டியில் பிடித்தோம்.

கோர் கையில் வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. கராஜ் விளக்குக்குக் கீழே திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் புதுசு மாதிரி பளபளப்பு. அடி மூலையில், தொட்டியும் குழாயும் சேருகிற இடத்தில், வெள்ளையாகப் பொரிந்திருந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் பழைய வீட்டுச் சுவரின் அடியில் உப்புப் பூக்குமே, அதே மாதிரி. நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் ஓட்டை எதுவும் தெரியவில்லை.

அண்ணைக்கு அது திருப்தியாக இல்லை. ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து வரச் சொன்னார். கோரின் ஒரு குழாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, இன்னொன்றில் ஹோஸ் துண்டு மாட்டி, மகளின் சைக்கிள் பம்பைச் செருகித் தண்ணீருக்குள் அமுக்கினார். பஞ்சர் கடையில் டியூபை அமுக்குவார்களே, அப்படி. "அடியும்."

அடித்தேன். வெள்ளை பூத்த மூலையிலிருந்து ஊசி முனை அளவுக் குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, கோத்த மாதிரி மேலே வந்தன. மூன்று வாரமாய்ப் படுத்திய சனியன் அவ்வளவுதான். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கா நாள் முழுக்க கார உடைச்சீங்க?" என்றாள்.

புதுக் கோரையும் அதே வாளியில் அமுக்கினோம். பெட்டியிலிருந்து எடுத்த பார்ட்டைச் சோதிப்பதா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மாட்டி முடித்து, திங்கள்கிழமை மாலை ஒழுகினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. குமிழி இல்லை.

ஞாயிறு. பெட்டிக்குள் கோர் உட்காருகிற இடத்தில் ஓரமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும். பழையது தொட்டாலே பொடியானது. அதைப் புதிதாக ஒட்டாமல் விட்டால் காற்று கோருக்குள் போகாமல் ஓரமாக நழுவிவிடும், சூடு பாதிதான் கிடைக்கும். கதவிடுக்குக்கு ஒட்டுகிற பஞ்சுப் பட்டை ஒரு சுருள் வாங்கி நாலு பக்கமும் ஒட்டினோம். கோரை உள்ளே தள்ளி, புது ஹோஸ் மாட்டி, கிளாம்ப் இறுக்கி, கூலன்ட் ஊற்றி, டாஷ்போர்டு வெளியே இருக்கும்போதே அழுத்தமானியை மாட்டி 16க்கு ஏற்றினோம். அண்ணை நாற்காலி போட்டு முள்ளுக்கு எதிரே உட்கார்ந்துவிட்டார். அரைமணி. முள் அசையவில்லை.

கூலன்ட் பற்றி ஒரு வார்த்தை. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் கம்பெனிக்காரர்கள் போடுகிற சாயம், உள்ளே என்ன மருந்து என்பதை வண்டிப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத்தான் வாங்க வேண்டும். இன்னொன்று, நிறைய ஊற்றினால் நிறையக் காப்பு என்று நினைக்காதீர்கள். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த கிளைக்கால் மைனஸ் 37 வரை தாங்கும். தண்ணீரே கலக்காத சுத்தக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். எனக்கு இது தெரிந்தபோது நம்பவில்லை, மூன்று இடத்தில் தேடிப் பார்த்தேன்.

முள்ளைப் பார்த்திருந்த அந்த அரைமணியில், மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பாட்டரி நெகட்டிவ்விலும் சிவப்பு முனையை எடுத்துவைத்த பழைய கூலன்ட்டிலும் விட்டுப் பார்த்தால் என்ன என்று எனக்கு ஒரு விபரீத ஆசை. அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். வண்டிக்குள் இருக்கும்போது அல்லவா பார்க்க வேண்டும்! கூலன்ட் வழியாக மின்சாரம் கசிந்தாலும் கோர் அரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை வடிப்பதற்கு முன்னால் அளக்க வேண்டும். அதற்குப் பதிலாக, என்ஜினையும் பாடியையும் இணைக்கிற எர்த் கம்பியைப் பார்த்தோம். சாலையில் தூவுகிற உப்பில் பச்சைப் பாசி மாதிரி அரித்திருந்தது. சுரண்டி, புது முனை வைத்து இறுக்கினோம்.

பிறகு 16, 15, 14 என்று குழி குழியாகத் திரும்பி வந்தோம். திங்கள் மதியம் இட்லித் தட்டு காலி. ஒரு திருகு மிச்சமில்லை. எனக்கு மார்பு கொஞ்சம் விரிந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் வாசல் சரிவானது. மூக்கு மேலே பார்க்க நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் வாயில் பெரிய புனல் மாட்டி என்ஜினை ஓடவிட்டோம். உள்ளே மாட்டிய காற்று குமிழியாக மேலே வர வேண்டும். தெர்மோஸ்டாட் 82 டிகிரி வாக்கில் திறந்ததும் புனலில் குபுக்கென்று இறங்கியது, ஊற்றினோம். நாற்பது நிமிஷம். குமிழி நின்றது. உள்ளே போய் விசிறியைத் திருகினேன்.

ஜில்லென்று காற்று வந்தது.

காற்று இன்னும் உள்ளே இருக்கிறது என்றேன். மறுபடி ஓடவிட்டோம், மறுபடி நாற்பது நிமிஷம். ஜில். புதுக் கோர் அடைத்திருக்கிறதோ என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. அண்ணை என்ஜின் பக்கம் போய், என்ஜினுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவே இருக்கிற தடுப்புக்குள் (ஃபயர்வால்) போகிற இரண்டு ஹோஸையும் தொட்டுப் பார்த்தார். இரண்டுமே கை வைக்க முடியாத சூடு.

"சுடுதண்ணி போகுது, வருது. கோரில பிழையில்லை தம்பி. காத்துத்தான் அதுக்குள்ளால போகேல்லை."

ஒரு ஹோஸ் சூடாகவும் மற்றது குளிராகவும் இருந்திருந்தால் காற்றோ அடைப்போ. இரண்டும் சூடு என்றால், காற்றை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிக்கிற சின்னக் கதவுதான் திரும்பவில்லை. என் வண்டியில் சூட்டுக் குமிழிலிருந்து அந்தக் கதவுக்கு ஒரு கம்பிக் கேபிள் போகிறது. அது மாட்டப்படுவது திருகால் இல்லை, பெட்டியிலேயே இருக்கிற ஒரு பிளாஸ்டிக் கவ்வியால். திருகு இல்லை, அதனால் இட்லித் தட்டில் குழி இல்லை, அதனால் கணக்கிலும் இல்லை.

கையுறைப் பெட்டியை மட்டும் இறக்கி, தலைகீழாகப் படுத்து, விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு தேடினேன். கேபிள் முனை அநாதையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நெம்புகோலில் மாட்டிக் கவ்வியை அமுக்கினேன். டக். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. முகத்துக்கு நேரே இருந்த துளையிலிருந்து சூடான காற்று அடித்தது, எலி சேர்த்த தூசியோடு.

அண்ணை கூலி வாங்க மாட்டார் என்று தெரியும். மனைவி சமைத்த விடுமுறைச் சாப்பாட்டில் மட்டன் குழம்பைக் கொஞ்சம் தாராளமாக வாங்கிக்கொண்டார். மொத்தச் செலவு, இட்லித் தட்டு உள்பட, 240 டாலர் சொச்சம். பழைய கூலன்ட்டைப் புட்டிகளில் அடைத்து, நகராட்சியின் அபாயக் கழிவு வாங்குகிற இடத்தில் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். கார்ப்பெட்டின் அடியில் இரண்டு அங்குலப் பஞ்சு மெத்தை இருக்கிறது. கிளைக்கால் தண்ணீர் மாதிரி காய்ந்து போகிற ஜாதி இல்லை. மெத்தையை உருவி, சோப்புப் போட்டு மூன்று தரம் அலசி, வேலியில் ஒரு வாரம் தொங்கவிட்டேன். கண்ணாடியின் உள்பக்கப் படலத்தை ஆல்கஹாலும் பழைய செய்தித்தாளும் வைத்துத் துடைத்தேன், நாலு தரம்.

ஜனவரியில் மைனஸ் 19 வந்தது. கண்ணாடி ஆறு நிமிஷத்தில் தெளிந்தது.

அப்புறம் ஜூன். வெயிலில் நின்ற வண்டியின் கதவைத் திறந்ததும் அந்தப் பாகு வாசனை, லேசாக. வயிற்றில் ஏதோ புரண்டது. மிதியடியைத் தூக்கி, கார்ப்பெட்டை ஓரம்வரை தடவிப் பார்த்தேன். மொறமொறவென்று காய்ந்துதான் இருந்தது. மெத்தையில் மிச்சம் ஊறியிருந்தது வெயிலுக்குக் கிளம்பியிருக்கும். அழுத்தமானி இரவல் வாங்கி வந்து பார்த்தேன், முள் அசையவில்லை. ஆனாலும் இன்றுவரை வண்டியில் ஏறினால் முதலில் குனிந்து அந்த இடத்தைத் தொட்டு, விரலை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாவி போடுகிறேன்.